நீடிய பொறுமை எங்கே விளைகிறது?

1897 ஜூன் மாதம். வடக்கு பிரான்சில் லிசியே என்ற சிறு நகரம். அங்கே கார்மேல் மடத்துத் தோட்டத்தில், செஸ்ட்நட் மர நிழலில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஓர் இளம் கன்னியாஸ்திரி எழுதிக்கொண்டிருக்கிறார். வயது 24. காசநோய் முற்றிவிட்டது; அந்த ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி இறந்துபோவார். மடத்துத் தலைவி கேட்டுக்கொண்டதால் தம் ஆன்மிக வாழ்வைப் பற்றி ஒரு சிறு நோட்டில் எழுதி வருகிறார். அன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள் பிறரன்பு.

எழுத விட்டால்தானே? தோட்டத்தில் புல் உலர்த்தும் சகோதரிகள் அந்தப் பக்கம் வருகிறார்கள். நோயாளிகளைக் கவனிக்கும் சகோதரி வருகிறார். உடம்பு முடியாத பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கிறதே என்ற பரிவில் ஒவ்வொருவரும் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். ஒருவர் போனால் இன்னொருவர். தொடர்ந்து பத்து வரி எழுத முடிந்ததா என்பதே சந்தேகம் என்று அந்த நோட்டிலேயே அவர் குறித்து வைக்கிறார். கூடவே இன்னொன்றையும் எழுதுகிறார்: குறுக்கீடு வரும்போது முகத்தில் மகிழ்ச்சியைக் காட்டினால் மட்டும் போதாது, உண்மையாகவே மகிழ்ச்சியாக இருக்கவும் தாம் முயல்வதாக. பிறரன்பைப் பற்றி எழுதவிடாமல் செய்தவர்களே அந்தப் பாடத்துக்கு உதாரணமாக நோட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

அவர்தான் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் 'சிறுமலர்' என்று அறியப்படுகிறவர். அவர் எழுதியவை 1898-இல் நூலாக வந்தன. 1925-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. 1997-இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது. 24 வயதில் இறந்த, மடத்துச் சுவருக்கு வெளியே எந்தப் பெரிய ஊழியமும் செய்யாத ஒரு பெண்ணுக்கு இவ்வளவு மரியாதை ஏன்? நூலைப் புரட்டினால் தெரியும். அதன் கடைசிப் பகுதியில் பக்கம் பக்கமாக வருவது துணி துவைக்கும் இடத்திலும் சாப்பாட்டு அறையிலும் நடந்த சின்னச் சின்ன விஷயங்கள்.

சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். சுகம் கிடைத்தது, வேலை கிடைத்தது, விசா கிடைத்தது, மகளுக்கு வரன் அமைந்தது என்று நன்றியோடு சொல்வார்கள். சொல்ல வேண்டியவைதான். ஆனால், 'இந்த வாரம் நாத்தனார் குத்திப் பேசியபோது பதிலுக்குப் பேசாமல் இருந்தேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்று எழுந்து நிற்கிறவரைக் காண்பது அரிது. கலாத்தியர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனியைப் பற்றிப் பவுல் அடுக்கும் ஒன்பதில் நீடிய பொறுமை உண்டு, சாந்தம் உண்டு, இச்சையடக்கம் உண்டு. தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நிற்கும்போது இவை மூன்றும் இருக்கின்றனவா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எரிச்சல் மூட்டும் ஒரு மனிதரோ சூழ்நிலையோ எதிரே வந்து நின்றால்தான் தெரியும். அன்றாடத் தொந்தரவுகளை ஆன்மிக வாழ்வுக்கு இடைஞ்சல் என்று பலர் நினைக்கிறார்கள். குணம் உருவாகிற இடமே அதுதான் என்று வாழ்ந்து காட்டிய மூன்று பேரைப் பற்றியது இந்தப் பதிவு.

சலவைத் தண்ணீர்

தெரேசா பிறவியிலேயே சாதுவானவர் என்று நினைத்துவிடக் கூடாது. நாலு வயதில் தாயை இழந்தபின் தொட்டதற்கெல்லாம் அழுகிற பிள்ளையாக வளர்ந்தவர். அழுதோமே என்று வருந்தி மறுபடியும் அழுவார். 1886 கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்பியபோது அவருக்கு 14 வயது நிரம்ப ஒரு வாரம் இருந்தது. அந்த ஊர் வழக்கப்படி, கணப்பருகே வைத்திருந்த காலணிக்குள் பரிசுகள் காத்திருந்தன. களைத்துப் போயிருந்த அப்பா, நல்லவேளை, இந்தக் கூத்தெல்லாம் இதுதான் கடைசி வருஷம் என்ற பொருளில் சலித்துக்கொண்டது மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த மகளின் காதில் விழுந்தது. வழக்கமாக இருந்தால் அன்றிரவு முழுதும் கண்ணீர்தான். அன்று அவர் அழுகையை அடக்கிக்கொண்டு இறங்கி வந்து, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, பரிசுகளை ஒவ்வொன்றாகச் சந்தோஷத்தோடு எடுத்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். தம் முழு மனமாற்றம் நடந்தது அந்த இரவில்தான் என்று பின்னாளில் எழுதினார் தெரேசா. அலுப்பில் ஒரு தகப்பன் சொன்ன வார்த்தையும் அதைத் தாங்கிக்கொண்ட ஒரு பிள்ளையும்தான் அந்தக் கதையில் உண்டு.

1888 ஏப்ரலில், 15 வயதில், மடத்துக்குள் போனார். அங்கே காத்திருந்தவை குடும்பத்தில் இருந்ததைவிடக் குறைந்த தொந்தரவுகள் அல்ல. மாலைத் தியான நேரத்தில் அவருக்கு அருகே இருந்த ஒரு சகோதரி, இரண்டு சிப்பிகளை உரசினாற்போல ஒரு வினோதச் சத்தம் எழுப்பிக்கொண்டே இருப்பார். தெரேசாவின் காதோ கூர்மையானது. திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், சத்தம் நின்றுவிடும். அவர் பார்க்கவில்லை. பொறுத்துக்கொள்ள முயன்றதில் உடம்பெல்லாம் வியர்த்துவிடும் என்று எழுதுகிறார். காதில் விழாததுபோல் இருக்க முயன்று தோற்ற பிறகு, அந்தச் சத்தத்தையே ஒரு நல்ல இசைக் கச்சேரியாக நினைத்து உற்றுக் கேட்டு, அதை இயேசுவுக்குக் காணிக்கையாக்கத் தொடங்கினார்.

இன்னொரு நாள் சலவை. எதிரே நின்ற சகோதரி கைக்குட்டைகளைத் துவைக்கும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் தெரேசாவின் முகத்தில் தெறித்தது. பின்வாங்கி, முகத்தைத் துடைத்துக் காட்டி, 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்' என்று சொல்லாமல் சொல்லத்தான் முதலில் தோன்றியதாம். அப்படிச் செய்யாமல் நின்ற இடத்திலேயே நின்றார்.

வயதான, நடக்கச் சிரமப்படும் ஒரு சகோதரியும் மடத்தில் இருந்தார். மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவரைச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போக வேண்டும். முதியவர் தம் மணற்கடிகாரத்தை அசைத்தால் 'கிளம்பலாம்' என்று பொருள். பெஞ்சை ஒரு குறிப்பிட்ட விதத்தில் தூக்கி வர வேண்டும். இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். வேகமாகப் போனால் குற்றம், மெதுவாகப் போனாலும் குற்றம். கால் தடுக்கினால், சரியாகப் பிடிக்கவில்லை என்ற புகார். 'இவ்வளவு சின்னப் பெண்ணால் என்னைப் பார்த்துக்கொள்ள முடியுமா' என்ற அலுப்பு வேறு. வீட்டில் படுக்கையிலும் நாற்காலியிலும் முதியவர்களைப் பராமரிக்கிற எல்லோருக்கும் இந்தக் குரல் பழக்கமானது. தெரேசா அந்த வேலையைத் தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர். ஒருநாள், முடங்கிய கைகளால் ரொட்டியைக் கிண்ணத்தில் எடுத்து வைக்க அந்த முதியவர் படும் சிரமத்தைக் கவனித்தார். அதன்பிறகு ரொட்டியை நறுக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு புன்னகையோடுதான் அங்கிருந்து நகர்வார். யாரும் செய்யச் சொல்லாத அந்தச் சிறு காரியம் முதியவரின் மனத்தை வென்றது.

சுபாவத்திலேயே ஒத்துப்போகாத ஒரு சகோதரியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவருடைய பேச்சு, நடை எதுவும் தெரேசாவுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே அவரைக் காணும்போதெல்லாம் அவருக்காக ஜெபித்தார். முடிந்த உதவியெல்லாம் செய்தார். என்னிடம் அப்படி எது உங்களை ஈர்க்கிறது, என்னைப் பார்த்தால் எப்போதும் சிரிக்கிறீர்களே என்று அந்தச் சகோதரியே ஒருநாள் கேட்டுவிட்டார். இதோடு சேர்த்து தெரேசா ஒளிக்காமல் சொல்லும் இன்னொரு செய்தி, எரிச்சலோடு போராடுகிற எவருக்கும் பெரிய ஆறுதல். கோபம் எல்லை மீறும்போலிருந்த சில சமயம், போர்க்களத்திலிருந்து தப்பியோடும் சிப்பாய்போல அந்த இடத்தைவிட்டே அவர் ஓடியிருக்கிறார்.

பிடிக்காத சமையலறை

தெரேசாவுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னால், அதே கார்மேல் சபையில் நிக்கோலா எர்மான் என்ற ஒருவர் இருந்தார். லொரேன் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து, காலில் காயம்பட்டு, ஆயுள் முழுதும் நொண்டி நடந்தவர். பிறகு ஒரு செல்வந்தரிடம் பணியாளாக இருந்தார். கை பட்டதையெல்லாம் உடைக்கிற தடுமாற்றக்காரன் என்று தம்மைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். 1640-இல் பாரிஸ் மடத்தில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த பெயர் சகோதரர் லாரன்ஸ். குருத்துவம் படிக்காத சாதாரணச் சகோதரர். போட்ட இடம் சமையலறை.

சமையல் அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை. அதில் ஏறக்குறைய 15 ஆண்டுகள் இருந்தார். அதற்குமேல் கால் இடம் கொடுக்காததால் செருப்புத் தைக்கிற வேலைக்கு மாற்றப்பட்டார். நடுநடுவே மடத்துக்குத் திராட்சை மது வாங்கிவர பர்கண்டிக்கு அனுப்புவார்கள். வியாபாரம் தெரியாது, கால் விளங்காததால் படகில் நடமாடவும் முடியாது. பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் இடம் மாறுவாராம். இது உம்முடைய வேலை என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார். முடிந்ததும் நன்றாகவே முடிந்தது என்பார்.

1666-இல் அவரைத் தேடி வந்து பேசிய ஜோசப் தெ போஃபோர் என்ற குரு அந்த உரையாடல்களைக் குறித்து வைத்தார். 1691-இல் லாரன்ஸ் இறந்தபின் அவருடைய கடிதங்களோடு சேர்ந்து அவை நூலாகின. கத்தோலிக்கர் ஒருவரின் அந்தச் சிறு நூலைப் புராட்டஸ்டன்ட் சபையாரும் தங்களுடையதாகவே எண்ணி இன்றுவரை வாசிக்கிறார்கள். அதில் தெரிகிற லாரன்ஸ், சமையலறையில் எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் பதறாதவர், சோம்பாதவர். ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் செய்கிறவர். ஜெப நேரம், வேலை நேரம் என்ற பிரிவே அவருக்கு இல்லாமல் போனது. தரையில் கிடக்கும் ஒரு துரும்பைக் கடவுளுக்காக எடுத்துப் போடுவதும் அவருக்கு ஆராதனைதான்.

ஆனால் இது ஒரே நாளில் வந்ததில்லை. முதல் பத்து ஆண்டுகள் உள்ளத்தில் கடும் வேதனையோடு கழிந்தன என்று அவரே சொல்கிறார். தவறிப்போன வேளைகளில் அவர் செய்ததுதான் நடைமுறைக்கு மிகவும் உதவுவது. நீர் என்னை விட்டுவிட்டால் நான் இப்படித்தான் செய்வேன், என்னை விழாமல் தடுப்பது உம் வேலை என்ற பொருளில் கடவுளிடம் ஒப்புக்கொள்வார். அவ்வளவுதான். அதையே நினைத்து நினைத்து மனம் புழுங்காமல் அடுத்த வேலையைப் பார்ப்பார்.

மாட்டுவண்டியிலிருந்து தொட்டிலுக்கு

மூன்றாமவர் நெல்லைச் சீமைக்குச் சொந்தமானவர். அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்தார். தமிழ் கற்று, பொன்னம்மாள் முதலான தமிழ்ப் பெண்களோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் தம் அழைப்பு என்று உறுதியாக நம்பினார். 1901 மார்ச்சில், கோயில் சேவைக்கென்று விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பிறகு இன்னொரு பிள்ளை. பிறகு கைக்குழந்தைகள். அவர் தங்கியிருந்த டோனாவூர் என்ற ஊரில் அது ஒரு பெரிய குடும்பமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அவர் 'அம்மா'.

பால் காய்ச்சுவது, துணி மாற்றுவது, இரவெல்லாம் விழித்திருப்பது என்று நாட்கள் போயின. மாட்டுவண்டிப் பயணங்கள் நின்றன. நன்கு பயிற்சி பெற்ற ஊழியர்கள் தாதிகளாக மாறி உட்கார்ந்துவிடுவது சரிதானா என்ற கேள்வி ஏமிக்கும் எழுந்தது, அவரை ஆதரித்தவர்களுக்கும் எழுந்தது. யோவான் சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரம் அவருக்கு விடையானது: ஆண்டவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவிய இடம். இது பெரிய ஊழியம், அது சின்ன ஊழியம் என்று பிரிக்கும் உரிமை வேலைக்காரனுக்கு இல்லை என்ற முடிவுக்கு வந்தார். பொன்னம்மாளோ நெய்யூரில் மருத்துவமனைக்கு அருகே அமைந்த குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்று, பச்சிளம் குழந்தைகளோடு இரவும் பகலும் இருந்தார். புட்டிப்பாலை வேளை தவறாமல், சுத்தம் தவறாமல் தயாரிப்பது அந்தக் காலத்தில் உயிர்ப் பிரச்சினை. புற்றுநோய் வந்து 1915-இல் அவர் இறந்தது டோனாவூருக்குப் பேரிழப்பு.

1931 அக்டோபர் 24-ஆம் தேதி, களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடப் போன ஏமி, இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். கால் முறிந்தது. அதிலிருந்து 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகள், பெரும்பாலும் அறைக்குள்ளேயே, படுக்கையிலேயே கழித்தார். ஓயாது ஓடிக்கொண்டிருந்தவருக்கு அசையாமல் கிடப்பதே அன்றாட வேலையாயிற்று. நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் புத்தகங்களைச் சுகமாக இருப்பவர்கள் எழுதியதால் அவை தம் மனத்தில் ஒட்டவில்லை என்பதைக் கண்டு, படுக்கையிலிருந்தபடியே நோயாளிகளுக்காகத் தாமே எழுதினார். 1933-இல் வெளிவந்த அந்த நூலில் வலியைப் பூசி மெழுகும் பேச்சு இல்லை.

எதைப் பொறுப்பது, எதைப் பொறுக்கக் கூடாது

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொறுமையைப் பற்றிய போதனை நம் குடும்பங்களில் பல நேரம் பலவீனமானவரின் தலையில்தான் இறக்கி வைக்கப்படுகிறது. அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொள், சம்பளம் தராத முதலாளியைப் பொறுத்துக்கொள், எல்லாம் சோதனை என்பார்கள். ஏமி கார்மைக்கேல் அப்படிப் போதிக்கவில்லை. தம் தூக்கம், தம் திட்டம், தம் வலி என்று தமக்கு நேர்ந்ததைப் பொறுத்தார். கோயில்களுக்கு விடப்படும் சிறுமிகளைப் பார்த்து 'பொறுத்திரு மகளே' என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவர்களை வெளியே கொண்டுவந்தார். குழந்தையைக் கடத்தியதாக வழக்கு வந்தபோதும் பின்வாங்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்களின் நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தபோது, அதைக் கேட்க ஏமி உயிரோடு இருந்தார்.

சலவைத் தண்ணீர் தெறித்ததைத் தெரேசா பொறுத்தார் என்பதைக் காட்டி, வன்முறைக்குள் சிக்கிய ஒரு பெண்ணை வாய்மூடச் சொல்வது அவர் வாழ்வையே தலைகீழாக்குவது. ஆபத்திலிருக்கும் ஒருவருக்கு முதலில் தேவை பாதுகாப்பு. அன்றாட எரிச்சல் வேறு, அநீதி வேறு. இரண்டையும் பிரித்தறிவதும் குணத்தில் வளர்வதன் ஒரு பகுதியே.

இன்றைய சமையலறைகள்

மூவருக்கும் பொதுவான சில பழக்கங்கள் உண்டு. அன்பு உணர்ச்சியாகப் பொங்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ரொட்டியை முதலில் நறுக்கினார்கள். தவறியதும் சட்டென்று ஒப்புக்கொண்டு எழுந்தார்கள். தங்கள் எல்லை தெரிந்து, தேவைப்பட்டபோது விலகினார்கள். தாங்கள் தேர்ந்தெடுக்காத வேலையில் ஆண்டுக்கணக்கில் நிலைத்தார்கள்.

இப்படிப்பட்ட இடங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. மறதி நோய் வந்த அப்பா ஒரே கேள்வியைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். மகன் அதே பதிலை முகம் சுளிக்காமல் இன்னொரு முறை சொல்ல வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா போட்ட குத்தல் பதிவுக்குச் சுடச்சுடப் பதில் தட்டச்சு செய்தாயிற்று. அனுப்புவதா அழிப்பதா என்று விரல் நிற்கிறது. பாடகர் குழுவில் தனிப்பாடல் வேறொருவருக்குப் போய்விட்டது. பின்வரிசையில் நின்று அதே உற்சாகத்தோடு பாட வேண்டும். சபைத் தேர்தல் முடிந்த மறு ஞாயிறு, எதிரணியில் நின்றவரோடு ஒரே வரிசையில் முழங்கால்படியிட்டுத் திருவிருந்து வாங்க வேண்டும். இவற்றில் எதுவும் வாழ்க்கை வரலாற்று நூலில் ஏறாது. ஆனால் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு எப்படிப்பட்டவராக இருப்பார் என்பது இவற்றில்தான் முடிவாகிறது.

பெரிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை. லெந்து நாட்களில் இறைச்சியை விடுகிறவர்கள், அதோடு தங்களுக்குப் பிடிக்காத ஒருவரின் பெயரைத் தினமும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒருமுறை அவருக்கு உதவியாக ஒரு காரியம் செய்யலாம். குடும்ப ஜெபத்தில் விண்ணப்பங்களை வாசிப்பதோடு, அன்று எந்த இடத்தில் பொறுமை இழந்தோம் என்று ஒவ்வொருவரும் ஒரு வரி சொல்லலாம். பிள்ளைகளைச் சொல்லச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் வாய்மூடி இருந்தால் அது விசாரணையாகிவிடும். அப்பா முதலில் தொடங்கட்டும், அடுத்தது அம்மா. காலையில் பள்ளிக்கூட வேன் வந்து நின்ற அவசரத்தில் மகளைத் திட்டியதற்கு, அன்றிரவு அவளிடமே பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். 'நீயும் சீக்கிரம் கிளம்பியிருக்கலாமே' என்று அதன் வாலில் எதையும் சேர்க்காமல்.